எலிக்கு வேலை செய்தது... நமக்கு?

பரீட்சை நெருங்கினால் வல்லாரை, தூக்கம் வராவிட்டால் அமுக்கரா, பெயர்கள் மறந்துபோனால் நீர்ப்பிரமி. டென்ஷனில் தவிக்கும் மூளையை மூலிகைகள் காக்கும் என்கிறார்கள். ஆய்வகக் கூண்டில் கிடைத்த அந்த நம்பிக்கை, மருந்துக் கடை அலமாரிக்கு வருவதற்குள் என்னவாகிறது?

கூண்டுக்குள் எலி. அதற்கு ஓர் அடி உயரத்தில் ஒலிபெருக்கி. சுவிட்சைப் போட்டதும் ஏற்ற இறக்கமே இல்லாத வெற்று இரைச்சல் கொட்டத் தொடங்குகிறது. அளவு 100 டெசிபல். நான்கு மணி நேரம் கழித்து அணைக்கிறார்கள். மறுநாள் மீண்டும் நான்கு மணி நேரம். இப்படியே 30 நாள். இன்னொரு பக்கம் வேறு சில எலிகள். அவற்றுக்கும் அதே மாதிரிக் கூண்டு, அதே நேரம். ஒலிபெருக்கி மட்டும் ஊமை.

30 நாள் முடிந்ததும் இரு தரப்பு எலிகளின் மூளைகளையும் எடுத்து, பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தார்கள். இரைச்சலில் வாழ்ந்த எலிகளின் மூளையில் பெருமூளைப் புறணி முதல் நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் வரை எல்லா இடத்திலும் ஒரே கதை. கொழுப்பு சிதைந்ததற்கான தடயங்கள் கூடியிருந்தன. குளூட்டதயோன், வைட்டமின் சி, வைட்டமின் இ என்று மூளையின் காவல் சரக்குகள் குறைந்திருந்தன. அதே இரைச்சலைக் கேட்டாலும், கூடவே ஒரு மூலிகைச் சாறும் கிடைத்த எலிகளுக்கு இந்தச் சேதம் பெருமளவு தவிர்க்கப்பட்டிருந்தது.

ஆய்வு நடந்தது சென்னை தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில். செய்தது ஆர்.ஷீலாதேவியின் குழு. முடிவுகள் வெளியான ஆண்டு 2005. மூலிகை, வசம்பு.

பிள்ளை பெற்ற வீட்டில் 'பேர் சொல்லாதது' என்று அடக்கமாகக் குறிப்பிட்டு, விளக்கில் சுட்டு, உரைத்து, குழந்தையின் நாக்கில் தடவுகிறோமே, அதே வசம்பு. பாட்டி வைத்தியம் ஜெயித்துவிட்டது என்று இங்கேயே முற்றும் போட்டுவிடலாம். இணையத்தில் பகிரப்படும் மூலிகைச் செய்திகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முற்றும் போடுகின்றன. ஆனால், விவகாரம் தொடங்குவதே இங்கிருந்துதான்.

காறிப்போகும் கொழுப்பு

'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிகளுக்கு விதவிதமான ஊசிகளைப் போட்டுப் பார்த்தவர், என்ன போட்டாலும் உடல் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதைக் கவனித்தார். அட்ரினல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. 1936-ல் 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய சின்னஞ்சிறு கடிதம்தான் இந்தத் துறைக்கே பிள்ளையார் சுழி.

ஆபத்து என்றதும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் ஹார்மோனைக் கொட்டுகிறது. அது ரத்தத்தோடு மூளைக்கும் போகிறது. அங்கே அதை வாங்கிக்கொள்ளும் முக்கியமான வாசல் ஹிப்போகாம்பஸ் என்பதை 1968-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்ஈவன் கண்டுபிடித்தார். அதே மெக்ஈவனின் ஆய்வகம் பிற்பாடு எலிகளைத் தினமும் ஆறு மணி நேரம், 21 நாள் அசைய விடாமல் அடைத்துவைத்துப் பார்த்தது. ஹிப்போகாம்பஸ் நரம்புச் செல்களின் கிளைகள் சுருங்கியிருந்தன. நெருக்கடி நீங்கினால் அவை மறுபடி வளரும் என்பது ஆறுதல்.

கார்ட்டிசால் நீண்ட நாள் குறையாமல் இருந்தால் செல்கள் எரிபொருளை எரிக்கும் முறையே தடுமாறுகிறது. ஆக்ஸிஜன் முழுதாக எரியாமல், பக்கத்தில் இருப்பதையெல்லாம் கடிக்கும் துண்டுகளாகச் சிதறுகிறது. இவைதான் ஃப்ரீ ராடிக்கல்கள். நெடுநாள் திறந்துவைத்த நல்லெண்ணெய் காறல் வாடை அடிப்பதற்குப் பின்னால் உள்ள அதே வேதிவினைதான் மூளையின் கொழுப்பிலும் நடக்கிறது. அதைத் தடுக்கும் பொருள்களுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர். க்ரீன் டீ பாக்கெட்டில் தொடங்கி ஷாம்பு புட்டி வரை இன்று இந்த வார்த்தை இல்லாத இடமில்லை.

■ மூளை ஏன் எளிதில் மாட்டிக்கொள்கிறது?
உடல் எடையில் மூளை வெறும் 2 சதவிகிதம். ஆனால், நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவிகிதத்தை அதுவே விழுங்குகிறது. தண்ணீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மூளையில் சுமார் பாதி கொழுப்பு; அதிலும் எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும் ரகம் அதிகம். கேட்டலேஸ் என்ற காவல் நொதி கல்லீரலில் தாராளம், மூளையில் சொற்பம். எரிபொருள் அதிகம், தீயணைப்புக் குறைவு.

இரைச்சல் எலிகளோடு முடியவில்லை

தரமணி ஆய்வு தனிமரம் அல்ல. அதே ஆய்வகம் 2006-ல் திரிபலாவைச் சோதித்தது. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த சூரணத்தை எலிகளுக்கு 48 நாள் கொடுத்தார்கள். நம் வைத்தியர்கள் சொல்லும் ஒரு மண்டலம்! 15 நாள் இரைச்சலையும் எதிர்கொண்ட அந்த எலிகளின் ஆக்ஸிஜனேற்றச் சேதம் குறைந்தது, நோய் எதிர்ப்பும் சரியாமல் நின்றது. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.பட்டாச்சார்யா குழு 2000-ல் நீர்ப்பிரமி, எலி மூளையின் மூன்று பகுதிகளில் காவல் நொதிகளைக் கூட்டுவதைக் காட்டியது. இதே பாணியில் வல்லாரைக்கு உண்டு, அமுக்கராவுக்கு உண்டு, துளசிக்கும் மஞ்சளுக்கும் உண்டு.

இரைச்சல் மூளையைக் காயப்படுத்துகிறது என்பதில் இப்போது சந்தேகமே இல்லை. ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு விமானச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார்கள். 2018-ல் வெளிவந்த அவர்களின் ஆய்வில் சராசரி ஒலி 72 டெசிபல்தான். சென்னை அண்ணா சாலையில் நிற்பவருக்கு அது ஒரு சத்தமாகவே படாது. எலி தூங்கும் நேரத்தில் போட்ட சத்தம்தான் சேதம் செய்தது. விழித்திருக்கும் நேரத்தில் போட்டபோது அந்தப் பாதிப்பு இல்லை. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபலுக்கு மேல் கூடாது என்று நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. மார்கழி விடியலில் கோயில் குழாய் ஒலிபெருக்கிக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவர்களிடம் இந்த விதியைப் படித்துக் காட்டிப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மூலிகைக்கும் ஸ்ட்ரெஸுக்கும் போட்டி வைக்கும் ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. அதே கூண்டில் பாதி நாளிலேயே ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, 'இது மூலிகையைவிட எத்தனை மடங்கு நல்லது' என்று ஒப்பிட யாருக்கும் ஆர்வம் வருவதில்லை. அமைதியைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாதே!

எலியிடமிருந்து மனிதனுக்கு எவ்வளவு தூரம்?

நிறைய தூரம். முதலில் அளவைப் பார்ப்போம். திரிபலா ஆய்வில் எலிக்குக் கொடுத்தது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம். அதை அப்படியே 60 கிலோ மனிதருக்குப் பெருக்கினால் 60 கிராம் வரும். அப்படிப் பெருக்கக் கூடாது. எலிக்கு வளர்சிதை மாற்றம் வேகம் என்பதால் மருந்தியலில் சுமார் ஆறால் வகுப்பார்கள். அப்போதும் தினம் 10 கிராம். பெட்டியில் 500 மில்லி கிராம் மாத்திரையைப் போட்டுவிட்டு, எலி ஆய்வின் முடிவை அட்டையில் அச்சடிப்பது என்ன கணக்கு?

அடுத்தது, மருந்து போகும் வழி. பல விலங்கு ஆய்வுகளில் சாற்றை வயிற்றறைக்குள் ஊசியாகவே போட்டுவிடுவார்கள். நாம் வாயால் விழுங்குகிறோம். குடல் அதில் கொஞ்சத்தை உள்ளே விடும், கல்லீரல் அதைப் பிடித்து உருமாற்றும், மிச்சம் இருப்பதை மூளையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்ச் சுவர் தடுத்து நிறுத்தும். மஞ்சளின் குர்க்குமின் இதற்குப் பேர்போன உதாரணம். தனியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் அது தேடினாலும் கிடைக்காது. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லி கிராம் மிளகுச் சத்தான பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது, உடல் எடுத்துக்கொண்ட அளவு 20 மடங்கு கூடியது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடும் வீடுகளுக்கு இது இனிப்பான செய்திதான். ஆனால், ஏறக்குறைய பூஜ்யத்தை 20 மடங்காக்கினால் எவ்வளவு வரும் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், மனித மூளையை எடுத்துப் பிரித்து அளக்க முடியாது. ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் பிரவத் குமார் மண்டலின் குழு, எம்.ஆர்.ஐ. கருவியின் சிறப்பு முறையால் உயிரோடிருப்பவர்களின் மூளையில் குளூட்டதயோனை அளந்தது. அல்சைமர் நோயாளிகளின் ஹிப்போகாம்பஸில் அது குறைந்திருப்பதையும் 2015-ல் காட்டியது. மூலிகை ஆய்வுகளோ பெரும்பாலும் ரத்தத்தில் கார்ட்டிசாலை அளந்து, கையில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து 'இப்போது எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்பதோடு நின்றுவிடுகின்றன.

நீர்ப்பிரமி: மூன்று மாதப் பொறுமை

மனிதர்களிடம் ஓரளவு தேறியவற்றில் முதலிடம் இதற்கே. வயல் வரப்பிலும் குளக்கரையிலும் படரும் இந்தச் சிறு இலைக்கொடியை லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 'பேக்கோசைடு'களைப் பிரித்தெடுத்து, 1990-களில் நினைவாற்றல் மாத்திரையாகவே சந்தைக்குக் கொண்டுவந்தது.

2001-ல் ஆஸ்திரேலியாவில் 46 ஆரோக்கியமான பெரியவர்களிடம் ஒரு சோதனை. ஒரு பாதிக்குத் தினம் 300 மில்லி கிராம் சாறு, மறுபாதிக்கு வெறும் மாவு மாத்திரை. 12 வாரம் முடிந்தபோது புதிய விஷயத்தைக் கற்கும் வேகமும் பதியவைக்கும் திறனும் சாறு குடித்தவர்களுக்கு மேம்பட்டிருந்தன. மறு ஆண்டு 40 முதல் 65 வயது வரையுள்ள 76 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வு, கற்றதை மறக்கும் வேகம் குறைவதைக் கண்டது. ஆனால், ஒரே ஒரு வேளை கொடுத்துவிட்டுச் சோதித்தவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை.

இது பெற்றோருக்கு என்ன சொல்கிறது? மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்குப் பிப்ரவரி கடைசியில் பாட்டில் வாங்கினால் காசுக்குத்தான் கேடு. வாந்தி உணர்வும் வயிற்றுப்போக்கும் இதன் வழக்கமான பக்க விளைவுகள். அவை மட்டும் கணக்குப் பரீட்சையன்று தவறாமல் வந்து சேரும். தவிர, மேலே சொன்ன ஆய்வுகள் நடந்தது பெரியவர்களிடம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதையே பொருத்துவது நம் ஆசையே தவிர, ஆய்வின் முடிவு இல்லை.

■ வல்லாரைக்கு என்ன தீர்ப்பு?
மூளை என்றதும் தமிழர் நினைவுக்கு வரும் முதல் கீரை. எலிகளிடம் ஆக்ஸிஜனேற்றச் சேதத்தைக் குறைப்பது பலமுறை காட்டப்பட்டது. மனிதர்களிடம் நடந்த 11 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய 2017-ஆம் ஆண்டு ஆய்வோ, ஒட்டுமொத்த அறிவுத்திறன் கூடியதற்கு வலுவான சான்றில்லை என்றது. விழிப்புணர்வு கூடுவது, கோபம் தணிவது போன்ற மனநிலை மாற்றங்களுக்குச் சில அறிகுறிகள் இருந்தன. மதிப்பெண்ணை விடுங்கள், பரீட்சைக் காலத்தில் கோபம் தணிவது பிள்ளையைவிட அப்பாவுக்குத்தான் அவசரத் தேவை.

அமுக்கரா: கார்ட்டிசாலை இறக்கும் கிழங்கு

சித்த மருத்துவத்தில் அமுக்கரா, ஆயுர்வேதத்தில் அஸ்வகந்தா, அமெரிக்காவில் சூப்பர் மார்க்கெட் வரை போய்ச் சேர்ந்த 'கம்மி' மிட்டாய். ஸ்ட்ரெஸ் விஷயத்தில் மூலிகைகளுக்குள் மனித ஆய்வுகள் அதிகம் உள்ளது இதற்குத்தான். ஹைதராபாத்தில் நாட்பட்ட மன உளைச்சலில் இருந்த 64 பேரிடம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. வேர்ச்சாறு 300 மில்லி கிராம், இரு வேளை, 60 நாள். ரத்தத்தில் கார்ட்டிசால் சுமார் 28 சதவிகிதம் இறங்கியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஏறத்தாழ 8 சதவிகிதம்.

கவனியுங்கள். இங்கே ஃப்ரீ ராடிக்கலை யாரும் துரத்தவில்லை. தீ வைக்கும் ஹார்மோனே குறைந்திருக்கிறது. 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று விளம்பரம் கூவினாலும், அமுக்கரா உண்மையில் வேலை செய்யும் இடம் அதற்கும் ஒரு படி முன்னால் இருக்கக்கூடும். இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். இந்தத் துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, இரண்டு மூன்று மாதத்தில் முடிபவை. சாற்றைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களே பலவற்றுக்குச் சரக்கும் தருகின்றன. அதனால் பொய் என்று சொல்லிவிட முடியாது. கொஞ்சம் தள்ளி நின்று படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாத்திரைகள் கற்பித்த பாடம்

ஃப்ரீ ராடிக்கல்தான் வில்லன், ஆன்டிஆக்ஸிடன்ட்தான் நாயகன் என்ற கதையை 1980-களில் அறிவியல் உலகமே நம்பியது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களுக்கு பீட்டா கரோட்டினும் வைட்டமின் இ-யும் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகம்! அமெரிக்காவில் நடந்த இதே மாதிரியான ஆய்வை 1996-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மூளைக்கும் சோதனை நடந்தது. வயதான 7,540 ஆண்களுக்கு வைட்டமின் இ-யும் செலினியமும் ஆண்டுக்கணக்கில் கொடுத்தும் மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2017-ல் கைவிரித்தார்கள்.

ஏன் தோற்றன? ஃப்ரீ ராடிக்கல் வெறும் குப்பை என்று நினைத்தது தப்பு. உடல் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் சமிக்ஞையும் அதுதான். 2009-ல் ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, ஒரு பாதிக்கு வைட்டமின் சி, இ மாத்திரைகளைக் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு உடற்பயிற்சியால் வர வேண்டிய இன்சுலின் பலன் வரவே இல்லை. எச்சரிக்கை மணியை மாத்திரை அமுக்கிவிட்டது.

இன்னொரு கணக்கும் இடிக்கிறது. மூளைச் செல்களுக்குள் வைட்டமின் சி-யும் குளூட்டதயோனும் ஏற்கெனவே ஏராளம். மூலிகை சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் தென்படும் தாவரப் பொருள்கள் அந்த அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இவ்வளவு சொற்பமானது நேரடியாகப் போய் ஃப்ரீ ராடிக்கல்களைத் தீர்த்துக்கட்டும் என்பது நம்பும்படி இல்லை.

அப்படியானால் எலிகளுக்கு எப்படிப் பலன் கிடைத்தது? இதற்கு இப்போது முன்வைக்கப்படும் விளக்கம் சுவாரசியமானது. இந்தத் தாவரப் பொருள்கள் பல, பூச்சி தன்னைத் தின்னாமலிருக்கச் செடி தயாரிக்கும் மெல்லிய நஞ்சுகள். அவை நம் செல்லுக்குள் போனதும், 'நஞ்சு வந்துவிட்டது' என்று என்.ஆர்.எஃப்-2 என்ற புரதம் விழித்து எழுகிறது. உட்கருவுக்குள் போய், காவல் நொதிகளைத் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு குடும்பத்தின் காரப் பொருள்களும் மஞ்சளின் குர்க்குமினும் இப்படி வேலை செய்வது செல் ஆய்வுகளில் தெளிவாகத் தெரிகிறது. சண்டை போடுவது மூலிகை அல்ல, நம் உடல். மூலிகை அதைச் சீண்டி மட்டும் விடுகிறது. சீண்டுவதற்குக் கொஞ்சம் போதும். கூடினால் நஞ்சு நஞ்சாகவே நடந்துகொள்ளும். கீரையாகச் சாப்பிடும் அளவுக்கும் காப்ஸ்யூலில் செறிவூட்டி அடைக்கும் அளவுக்கும் இடையிலான வித்தியாசம் இங்கேதான் உயிர்ப் பிரச்னையாகிறது.

■ மதிப்பெண் ரத்து
எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பரிசோதனைக் குழாயில் அளந்து 'ஓராக்' மதிப்பெண் போடும் வழக்கம் இருந்தது. அமெரிக்க வேளாண் துறை அந்தப் பட்டியலையே இணையத்தில் வைத்திருந்தது. குழாயில் கிடைக்கும் எண்ணுக்கும் உடலில் நடப்பதற்கும் சம்பந்தமில்லை, நிறுவனங்கள் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி 2012-ல் பட்டியலை நீக்கிவிட்டது.

கல்லீரல் கட்டும் விலை

அமுக்கரா சாப்பிட்ட சிலருக்கு இரண்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மஞ்சள் காமாலையும் தாங்க முடியாத அரிப்பும் வந்ததை ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020-ல் பதிவு செய்தார்கள். பெரும்பாலானோர் மருந்தை நிறுத்தியதும் சில மாதங்களில் தேறினார்கள். கேரள கல்லீரல் மருத்துவர்கள் முன்னின்று 2023-ல் வெளியிட்ட இந்திய நோயாளிகள் பற்றிய ஆய்வு இன்னும் கவலைக்குரியது. ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்களிடையே மரணமும் நேர்ந்திருந்தது. அதே 2023-ல் டென்மார்க் அமுக்கராவைத் தடை செய்தது.

கோடிக்கணக்கானோர் சாப்பிடும் பொருளில் இப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. குடிப்பழக்கம், கொழுப்புக் கல்லீரல், ஹெப்படைடிஸ் உள்ளவர்கள் இதைத் தொடாமலிருப்பது நல்லது. கர்ப்பிணிகளும் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படியே. காரணம், இது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். பாரம்பரியமாகப் பயன்படுத்தியது வேரை மட்டும். விலை மலிவு என்று இலையைக் கலக்கத் தொடங்கியதும், இலை வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. 'செடிச் சாறு' என்று மட்டும் போட்டு, எந்தப் பாகம் என்று சொல்லாத டப்பாவை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

வலிப்பு நோயாளிகள் வீட்டில் இன்னும் ஜாக்கிரதை தேவை. ஃபெனிட்டாய்ன் மாத்திரையால் கட்டுக்குள் இருந்த நோயாளிகளுக்குத் திடீரென்று வலிப்பு திரும்பியது. என்ன மாற்றம் என்று மும்பை மருத்துவர்கள் துருவியபோது, நினைவாற்றலுக்கான சங்கபுஷ்பி சிரப்பை அவர்கள் சாப்பிட்டு வந்தது தெரிந்தது. அது மாத்திரையின் அளவை ரத்தத்தில் குறைத்துவிட்டிருந்ததை 1992-ல் ஆய்வாகவே வெளியிட்டார்கள். மிளகின் பைப்பரின் நேர் எதிர் வேலை செய்யும். ஃபெனிட்டாய்ன், பிராப்ரனலால் போன்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றும். ரசத்தில் போடும் மிளகைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 'பைப்பரின் சேர்த்தது' என்று பெருமையாகப் போட்டிருக்கும் குர்க்குமின் காப்ஸ்யூலைப் பற்றித்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நம் ஊரில் இதுதான் நடப்பதில்லை. 'வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்று டாக்டர் கேட்டால், 'இல்லை' என்போம். மூலிகையை மருந்துக் கணக்கில் யார் சேர்க்கிறார்கள்?

வசம்புக்கு வருவோம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1968-லேயே வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. அதிலுள்ள பீட்டா அசரோன், எலிகளுக்குப் புற்றுநோய் வரவைத்ததே காரணம். இந்திய வசம்பு ரகத்தில் அந்தப் பொருள் குறிப்பாகவே அதிகம். ஆக, ஒரே செடி எலியின் மூளையைக் காக்கவும் செய்கிறது, எலிக்குப் புற்றுநோயைத் தரவும் செய்கிறது. இரண்டுமே முறையான ஆய்வுகள். முதலாவதை மட்டும் பகிர்ந்துகொண்டு இரண்டாவதை மறைப்பவர்களை என்ன சொல்வது? கைக்குழந்தையின் நாக்குக்கு மட்டுமாவது வசம்பு வேண்டாம். வளையலாகக் கட்டிக்கொள்வது உங்கள் இஷ்டம்.

அட்டைப் பெட்டியில் என்ன எழுதலாம்?

இந்திய மருந்துகள் விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று உண்டு. குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாதவற்றின் பட்டியல் அது. புற்றுநோய், எய்ட்ஸ் வரிசையில் மூளைத்திறனைக் கூட்டுதலும் நினைவாற்றலை மேம்படுத்துதலும் அதில் இருக்கின்றன. இப்படியொரு விதி இருக்கும் நாட்டில்தான் பிப்ரவரி மாதம் முழுக்க டி.வி-யில் பிள்ளைகள் சிரப் குடித்து முதல் ரேங்க் வாங்குகிறார்கள். வழி சுலபம். 'மருந்து' என்று சொல்லாமல் சத்துணவுப் பட்டியலில் உரிமம் வாங்குவார்கள். 'மேம்படுத்தும்' என்பதற்குப் பதில் 'துணைபுரியும்' என்று எழுதுவார்கள்.

உள்ளே இருப்பதும் சந்தேகம்தான். அமெரிக்காவில் 2004-ல் பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து இணையத்தில் வாங்கிய 193 பொருள்களைச் சோதித்தபோதும் கிட்டத்தட்ட அதே விகிதம். ஈயம் எங்கே போய்ச் சேதம் செய்யும் தெரியுமா? மூளையில். அதிலும் வளரும் பிள்ளையின் மூளையில்.

எனவே, அமுக்கரா சூரணமோ நீர்ப்பிரமி நெய்யோ வேண்டும் என்றால், பட்டம் பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளிலும் சித்த மருத்துவப் பிரிவு இயங்குகிறது. தமிழக அரசின் டாம்ப்கால் நிறுவனமே மருந்து தயாரிக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் எதையும் நீங்களாக நீட்டிக்க வேண்டாம். கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ அன்றே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

கீரையாகச் சாப்பிடுவதற்கு இந்தப் பயமெல்லாம் தேவையில்லை. வாரம் ஓரிரு நாள் வல்லாரைத் துவையல், நெல்லிக்காய்ப் பச்சடி, மிளகும் மஞ்சளும் போட்ட ரசம் என்றால் சீண்டலும் அளவோடு நடக்கும், நாக்குக்கும் நல்லது. வல்லாரை வாங்கும்போது மட்டும் எங்கே பறித்தது என்று கீரைக்காரம்மாவிடம் கேளுங்கள். ஈரம் கண்ட இடமெல்லாம் படரும் இந்தக் கொடி, மண்ணிலும் நீரிலும் உள்ள ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். ஆலைக் கழிவும் சாக்கடையும் கலக்கும் கால்வாய் ஓரத்தில் பறித்த கட்டை எவ்வளவு அலசினாலும் அது போகாது. மாடியில் ஒரு தொட்டி இருந்தால் வேரோடு கூடிய ஒரு கணுவை நட்டுவிடலாம். அரைநிழலும் தினமும் ஒரு சொம்புத் தண்ணீரும் போதும், தானாகப் படர்ந்துகொள்ளும்.